பின்னால் அமர்ந்தவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கிளியனூரைக் கடந்து சென்றவர்கள் நம் வாசகருள் பலர் இருப்பர். கிழக்கே கழுவெளியும் அதற்கப்பால் மரக்காணத்து உப்பளங்களும் பரந்து கிடக்க, ஊரை ஒட்டிச் செல்லும் இச்சாலை நான்கு தடங்களாக அகன்று, நடுவே திட்டு எழுப்பப்பட்ட பெருவழியாக விளங்குகிறது. முன்பெல்லாம் சாலையைக் குறுக்கே கடந்து எதிர்ப்புறத்துக் கடைக்குப் போய் வந்தவர்கள், இன்று திட்டில் திறப்பு விடப்பட்டுள்ள இடம் வரை சென்று திரும்பி வரவேண்டியிருக்கிறது. இது அதிகமானால் ஒரு கிலோமீட்டர் தூரம். அந்த ஒரு கிலோமீட்டரை மிச்சப்படுத்தும் பொருட்டு, வருகின்ற வண்டிகளுக்கு எதிரே, சாலையின் ஓரமாக வண்டியை ஓட்டிச் செல்வது இப்பக்கத்து ஊர்களில் யாரும் தவறென்று எண்ணாத பழக்கமாகிவிட்டது.

சென்ற தவக்காலத்தில், இப்பகுதியிலுள்ள ஒரு சிற்றூரில் முப்பதாம் நாள் திருப்பலிக்கு நாம் சென்றிருந்தோம். இறந்தவன் பதினேழு வயது மாணவன். தந்தை விடியுமுன் உப்பளத்து வேலைக்குப் போய், வெயில் ஏறுமுன் திரும்பி வருகிறவர். அவர் வீடு திரும்பியதும் வண்டிச் சாவி சுவரிலுள்ள ஆணியில் தொங்கும். அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அன்றும் மகன் எடுத்தான். தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனான். எதிர்த் திசையில் போனான். லாரி வந்தது. தங்கை தூக்கி எறியப்பட்டு, கை முறிந்து, உயிர் பிழைத்தாள்.

திருப்பலி முடிந்து வீட்டில் அமர்ந்திருந்தபோது, அந்தத் தாய் நம்மிடம் சொன்ன செய்திதான் இம்மாதம் நம்மை எழுத வைத்தது. "நான் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன் ஐயா. பின்னால்தானே உட்கார்ந்திருந்தாய், வேண்டாம் அண்ணா என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை" என்றார். சிறுமி அடுக்களைக் கதவருகே கட்டுப் போட்ட கையோடு நின்றுகொண்டிருந்தாள். நாம் ஒன்றும் சொல்ல இயலாமல் திரும்பினோம்.

வழியெல்லாம் அக்கேள்வி நம்மை விடவில்லை. அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும்? யார் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள்? நாள்தோறும் அந்த ஓரத்திலேயே தந்தை போகிறார், சித்தப்பா போகிறார், பள்ளிக்கு அவளை ஏற்றிச் செல்லும் பக்கத்து வீட்டு அண்ணனும் அப்படித்தான் போகிறார். பத்து வயதில் பின்னிருக்கையில் அமர்ந்து பார்த்ததையே பதினேழு வயதில் பிள்ளை முன்னிருக்கையில் அமர்ந்து செய்கிறான். ஓட்டுநர் பயிற்சி என்பது, உரிமம் எடுக்கும் அலுவலகத்தில் தொடங்குவதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது தந்தையின் முதுகுக்குப் பின்னால் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கி முடிந்துவிடுகிறது.

சாலை விபத்து என்றதும் ஓட்டியவனைப் பற்றியே பேசுகிறோம். உடன் சென்றவர் கணக்கில் வருவதில்லை. ஆயினும் மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். அவ்வாண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். தலைக்கவசம் அணியாமல் மாண்டவர் 50,029 பேர். அவருள் 14,337 பேர் பின்னால் அமர்ந்து சென்றவர்கள். கார் முதலிய வண்டிகளில் இருக்கைப் பட்டை அணியாமல் மாண்ட 16,715 பேரில் ஏறத்தாழச் சரிபாதி, அதாவது 8,331 பேர், ஓட்டாமல் உடன் அமர்ந்திருந்தவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நம் தமிழகமே நாட்டில் முதலிடம் பெற்றது: 64,105. இறந்தோர் தொகையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடியாக 17,884. இம்முதன்மையில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பின்னால் அமர்பவருக்கு ஆபத்துக் குறைவு என்ற எண்ணம் படித்தவரிடமும் உண்டு. 2022 செப்டம்பர் 4ஆம் நாள், பெருந்தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே காரின் பின்னிருக்கையில் பட்டை அணியாமல் சென்று மாண்டார். விலையுயர்ந்த காராக இருந்தும் பயனில்லை. இன்று நாம் அணியும் மும்முனைப் பட்டையை 1959இல் வடிவமைத்தவர் சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின் என்பவர். அதன் உரிமையைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல், எந்த நிறுவனமும் பயன்படுத்தலாம் என்று அந்நிறுவனம் திறந்துவிட்டது. அவ்வாறு இலவசமாகக் கிடைத்ததை நாம் இருக்கைக்குப் பின்புறம் செருகி வைத்துவிட்டு, அது ஒலியெழுப்பாதிருக்க உபாயம் தேடுகிறோம்.

நிற்க. அக்குடும்பத்தைப் பார்த்து வந்த சில வாரங்களுக்குப் பின், அப்பங்கின் குருவானவர் ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குப் பதிலாக ஒரு நாள் இதைப்பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்படி நம்மை அழைத்தார். என்ன பேசுவது என்று பலவாறு எண்ணினோம். அச்சுறுத்தும் படங்களைக் காட்டுவது நமக்கு உடன்பாடன்று. அச்சம் ஒரு வாரம் இருக்கும், பிறகு போய்விடும். அதனால் கணக்கில் தொடங்கினோம்.

கோயிலுக்கு வெளியே பனை நிற்கிறது. அதன் உச்சியிலிருந்து விழுந்தால் பிழைப்பாயா என்று ஒரு பையனைக் கேட்டோம். "செத்துப்போவேன்" என்றான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சென்று அசையாத ஒன்றின்மீது மோதுவதும், 14 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதும் ஒன்றே. அதுதான் வளர்ந்த பனையின் உயரம். வேகம் 40ஆக இருந்தால் 6 மீட்டர். மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து விழுவது போன்றது. வேகம் இரு மடங்கானால் வீழ்ச்சியின் உயரம் நான்கு மடங்காகும். பனையேறிகள் இடுப்பிலும் காலிலும் கயிறு கட்டிக்கொண்டு ஏறுவதை இப்பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். கயிறில்லாமல் ஏறுகிறவனை வீரன் என்று அவர்கள் சொல்வதில்லை. கரும்பலகையில் இதை எழுதியபோது வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவியது.

பிறகு எதிர்த்திசைப் பயணத்துக்கு வந்தோம். பெயர் எதையும் குறிப்பிடவில்லை, எல்லாரும் அறிந்திருந்தனர். நாம் 40இல் செல்கிறோம். எதிரே 60இல் லாரி வருகிறது. இருவரும் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவரையொருவர் நெருங்குகிறோம். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். நூறு மீட்டர் தொலைவில் லாரியைக் கண்டால், நம் கையிலிருப்பது நான்கு நொடிக்கும் குறைவு. கண் கண்டு, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. லாரி ஓட்டுநரோ, தம் தடத்தில் எதிரே எவரும் வரமாட்டார் என்று நம்பி வருகிறவர். அந்த நம்பிக்கை தவறன்று. அது சாலையின் விதி. ஒரு கிலோமீட்டர் சுற்றுவதற்கு எத்தனை நேரம் ஆகுமென்று பிள்ளைகளையே கணக்கிடச் சொன்னோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றரை நிமிடம் என்று கூட்டலாக விடை வந்தது. எதிர்த்திசையில் ஓட்டுவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அபாயகரமாக ஓட்டும் குற்றங்களுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது என்பதையும் சொல்லிவைத்தோம். ஆனால் ஒன்றரை நிமிடக் கணக்கே அவர்கள் மனத்தில் தைத்ததாகத் தோன்றியது.

பெற்றோருக்குச் சட்டத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் இதில் அறியாமை மிகுதி. பதினெட்டு வயது நிறைந்தவர்க்கே கியர் வண்டி ஓட்டும் உரிமம் உண்டு. பதினாறு வயதில் பெற்றோர் ஒப்புதலோடு ஓட்டத் தகுந்தது, 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டி மட்டுமே. ஊரில் இன்னமும் 'டி.வி.எஸ். ஐம்பது' என்று பழைய பெயரால் அழைக்கிறோமே, அந்த வழியில் வந்த இன்றைய எக்ஸ்.எல். வண்டி ஏறத்தாழ 100 சி.சி. திறனுடையது. பெயரிலுள்ள ஐம்பதை நம்பிப் பிள்ளையிடம் கொடுக்க இயலாது. உரிமமற்ற சிறுவன் ஓட்டி விபத்து நேர்ந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி குற்றவாளியாகக் கருதப்படுபவர் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர்: மூன்றாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் தண்டமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். சிறுவனுக்கோ 25 வயது வரை பழகுநர் உரிமமும் கிடையாது. காப்பீட்டு நிறுவனம் எதிராளிக்குக் கொடுத்த தொகையைப் பிறகு உரிமையாளரிடமே வசூலிக்கவும் கூடும். உப்பளத்துக் கூலியில் அதை எப்படிக் கட்டுவது? ஆகவே சாவி ஆணியில் தொங்கக் கூடாது. தந்தையின் சட்டைப் பையிலோ, தாயின் இடுப்பிலோ இருக்கட்டும்.

தலைக்கவசத்தைப் பற்றி நீட்டி எழுதப்போவதில்லை. அது இறப்பை ஏறத்தாழ நூற்றுக்கு 40 விழுக்காடும், தலைக்காயத்தை 70 விழுக்காடும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நிறுவப்பட்டது. தமிழகத்தில் 2015 ஜூலை முதல் பின்னால் அமர்பவருக்கும் அது கட்டாயம். ஆனால் ஓட்டுகிற ஆண்மகன் அணிந்திருக்க, மனைவியும் மகளும் வெறுந்தலையோடு செல்வதே நாம் காணும் காட்சி. வீட்டில் ஒரு கவசம் இருந்தால் அது யாருக்கு என்ற கேள்வியில் நம் குடும்ப ஒழுங்கு முழுவதும் தெரிந்துவிடுகிறது! இரண்டாவது கவசம் வாங்கப் பணமில்லை என்போர், கைப்பேசிக்குக் கொடுத்த விலையை நினைத்துப் பார்க்கலாம். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, தாடைக்குக் கீழுள்ள பட்டையை மாட்டினாலன்றி அது விழும்போது தலையோடு வராது. தனியே உருண்டு போகும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தையை மடியில் வைத்து ஒருபக்கமாக அமர்ந்து செல்லும்போது சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கியதால் நேர்ந்த கேடுகள் ஏராளம். பின்சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி ஆகிய மூன்றும் ஒவ்வொரு வண்டியிலும் இருக்க வேண்டுமென்பது 1989ஆம் ஆண்டின் விதி. அழகுக்காக அவற்றைக் கழற்றி எறிகிற இளைஞர்களிடம், அம்மாவை ஏற்றிச் செல்லும் வண்டி இது என்று நினைவூட்டுங்கள். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தையை ஏற்றினால், ஓட்டுநரோடு இணைத்துக் கட்டும் பட்டையும், குழந்தைக்கென்று சிறு தலைக்கவசமும் வேண்டும். 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2023 பிப்ரவரி முதல் இவ்விதி நடப்பில் இருக்கிறது. பெட்ரோல் டாங்கின்மேல் குழந்தையை அமர்த்திப் போகும் தந்தையர் இதைக் கேட்டால் நகைப்பர் என்பது நமக்குத் தெரியும்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடந்து செல்லும் திருப்பயணிகள் சென்னையிலிருந்து இக்கடற்கரைப் பக்கமாகத்தான் வருகிறார்கள். செபமாலை சொல்லியபடி இருளில் சாலையோரம் நடப்பவர்மீது வண்டி பாய்ந்த செய்தி வராத ஆண்டு அரிது. அதே சாலைகளில்தான், வார இறுதியில் புதுச்சேரிக்குப் போய்க் குடித்துவிட்டு இரவில் திரும்பும் இளைஞர்களும் வருகிறார்கள். மது விலை அங்கே குறைவு என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுவுக்கு மேல் இருந்தால் ஓட்டக் கூடாதென்கிறது சட்டம். நடந்து செல்வோர் வருகிற வண்டியை எதிர்நோக்கி வலப்புறமாக நடப்பதும், ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையை முதுகில் ஒட்டிக்கொள்வதும், குழுவின் முன்னும் பின்னும் விளக்கேந்தி ஒருவர் செல்வதும் நலம். 'குட்டி யானை' என்று நாம் அழைக்கும் சரக்கு வண்டியில் முப்பது பேரை நிறுத்தித் திருத்தலத்துக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்கள் ஒன்றை அறியட்டும்: சரக்கு வண்டியில் ஏறிய பயணிக்கு இழப்பீடு தரக் காப்பீட்டு நிறுவனம் கடமைப்பட்டதன்று என உச்ச நீதிமன்றம் 2002இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

இதெல்லாம் கோயில் காரியமா என்று கேட்பவர் உண்டு. ஐந்தாம் கட்டளை எங்கே முடிகிறது என்று அவர்கள் நினைக்கிறார்களோ அறியோம். குடிபோதையாலோ வேகத்தின்மீதுள்ள மோகத்தாலோ சாலையில் தம்முடையதும் பிறருடையதுமான உயிரை ஆபத்துக்குள்ளாக்குவோர் பெரும் குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்பது திருச்சபையின் மறைக்கல்வி நூல் அந்தக் கட்டளையின் கீழேயே சொல்லும் கருத்து. 2007 ஜூன் மாதத்தில், புலம்பெயர்ந்தோர் மற்றும் பயணிகளுக்கான திருப்பீட அவை சாலை மேய்ப்புப்பணி பற்றி ஒரு வழிகாட்டி ஏட்டை வெளியிட்டு, அதில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகளையும் வகுத்தது. வண்டியை அதிகாரத்தின் அடையாளமாக ஆக்கிக்கொள்ள வேண்டாம், எளியோரைக் காக்க வேண்டும் என்பவற்றோடு, ஓட்டத் தகுதியற்ற நிலையில் இருப்பவரை அன்போடு தடுத்து நிறுத்த வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. தடுத்து நிறுத்துபவர் யாராக இருக்க முடியும்? உடன் வருகிறவர்தானே! ஒப்புரவு அருளடையாளத்தில் கோபத்தையும் பொய்யையும் அறிக்கையிடுகிறோம். சாலையில் செய்ததை எவரும் சொன்னதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

உடனிருப்பவரே ஆபத்தைக் கூட்டுவதும் உண்டு. பதினாறு, பதினேழு வயது ஓட்டுநருடன் அதே வயதுத் தோழர்கள் எத்தனை பேர் ஏறுகிறார்களோ, அத்தனைக்கத்தனை அவன் இறக்கும் ஆபத்து கூடுகிறது என 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. "இன்னும் கொஞ்சம் முறுக்கு" என்ற குரல் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும் போலும். இதை உணர்ந்தே நியூசிலாந்து 1987இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தது: புதிதாக ஓட்டுபவன் முதலில் இரவில் தனியே ஓட்டவோ, தோழர்களை ஏற்றிச் செல்லவோ இயலாது, அனுபவம் வந்தபின்பே முழு உரிமம். நம் நாட்டில் அத்தகைய சட்டமில்லை. வீட்டில் அதை வைத்துக்கொள்ள யார் தடுக்கிறார்கள்? உரிமம் பெற்ற முதல் ஆண்டு மகன் தனியே ஓட்டட்டும், இரவில் வேண்டாம், நெடுஞ்சாலையில் தங்கையை ஏற்ற வேண்டாம்.

மீண்டும் அவ்வகுப்புக்கு வருகிறோம். பேச்சு முடிந்தபின், இரண்டிரண்டு பேராக நீண்ட பலகையில் ஒருவர் பின் ஒருவராக அமரச் சொன்னோம். முன்னால் இருப்பவர் ஓட்டுநர். பின்னால் இருப்பவர் சொல்ல வேண்டும். என்ன சொல்லலாம் என்று அவர்களையே கேட்டோம். "அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது, நிறுத்து" என்றாள் ஒருத்தி. "சுற்றியே போகலாம், நேரமாகட்டும்" என்றான் இன்னொருவன். "வாந்தி வருகிறது என்று சொன்னால் உடனே நிறுத்துவான் சார்" என்றான் ஒரு குறும்பன். அது பொய்யாயிற்றே என்று மறைக்கல்வி ஆசிரியை முகம் சுளித்தார். நாமும் பொய்யை ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தப் பையனின் சமயோசிதத்தை உள்ளூர மெச்சினோம். அஞ்சியவருக்கு வயிறு புரள்வது இயல்புதானே!

பெற்றோர் அங்கே ஒரு வாக்கு கொடுக்க வேண்டும் என்றும் சொன்னோம். "நீ பாதி வழியில் இறங்கிவிட்டால், எத்தனை மணியானாலும் வந்து அழைத்துப் போவேன், ஏன் என்று அன்றிரவு கேட்கமாட்டேன்" என்ற வாக்கு அது. பிள்ளையின் பென்சில் பெட்டியில் பேருந்துக் கட்டணத்துக்கென ஐம்பது ரூபாய் மடித்து வைத்திருக்கட்டும். இறங்கிவிட்டால் வீட்டில் திட்டு விழும் என்று அஞ்சும் பிள்ளை இறங்கமாட்டாள். அண்ணனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் வேண்டாமென்றும் வாய் மூடிக்கொள்வாள். பெண்பிள்ளை எதிர்த்துப் பேசலாகாது என்று பத்தாண்டு வளர்த்துவிட்டு, பதினோராம் ஆண்டில் சாலை நடுவே அவள் எதிர்த்துப் பேசவில்லையே என்று கேட்பது எவ்வகை நியாயம்?

விபத்து நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சுருக்கமாகச் சொன்னோம். 108ஐ அழைக்க வேண்டும். அடிபட்டவரின் தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. தண்ணீர் புகட்டக் கூடாது. உதவுகிறவரைக் காவல் நிலையமோ மருத்துவமனையோ அலைக்கழிக்க முடியாதென 2016இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது; 2019 திருத்தத்தால் அது சட்டத்திலேயே 134ஏ பிரிவாக இடம் பெற்றது; பெயர் சொல்லவும் கட்டாயமில்லை. தமிழகச் சாலைகளில் அடிபடுவோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம், கிளியனூரிலிருந்து சென்னை செல்லும் வழியிலுள்ள மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பர் 18ஆம் நாள் தொடங்கப்பட்டது. எரிகோ சாலையில் காயமுற்றுக் கிடந்தவனை ஏற்றிச் சென்ற சமாரியன் சத்திரக்காரனிடம் தன் காசைக் கொடுத்தான். நம்மிடம் அதுவும் கேட்கப்படவில்லை.

பலகைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, கட்டு அவிழ்த்த கையோடு அந்தச் சிறுமியும் கடைசி வரிசையில் வந்து அமர்ந்திருந்ததைப் பிறகுதான் கண்டோம். அவளை அழைப்பதா வேண்டாமா என்று தயங்கினோம். அவளே எழுந்து வந்து ஒரு பையனின் பின்னால் அமர்ந்தாள். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இந்தப் பக்கம் வேண்டாம் அண்ணா. திறப்பு வரைக்கும் போய்த் திரும்பி வரலாம்" என்றாள். குரல் தெளிவாக இருந்தது. முன்னால் இருந்தவன் சிரிக்கவில்லை. "சரி" என்று சொல்லிக் கைகளைத் திருப்பினான்.

வாயிற்படியில் நின்றிருந்த அவள் தாய் அதைக் கேட்டார். அன்று மாலை மகளை அருகில் உட்காரவைத்து, தாம் கேட்ட கேள்வி தவறென்று சொன்னதாகப் பின்னர் பங்குக் குருவிடம் தெரிவித்தாராம். மகள் என்ன பதில் சொன்னாள் என்பது நமக்குத் தெரியாது. தந்தை இப்போது உப்பளத்துக்குப் போகும்போதும் வரும்போதும் திறப்பு வரை சென்றே திரும்புகிறார். ஊரில் இன்னும் சிலரும் அவ்வாறு செய்யத் தொடங்கியிருப்பதாகக் கேள்வி, பலர் செய்வதில்லை.

சாலையில் மாண்டோரை உலகெங்கும் நினைவுகூரும் நாள் நவம்பர் மாத மூன்றாம் ஞாயிறு. 2005இல் ஐக்கிய நாடுகள் அவை அதை ஏற்றது. இறந்த விசுவாசிகளுக்காக நாம் செபிக்கும் மாதத்திலேயே அது அமைந்திருக்கிறது. அந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் பெற்றோருக்கென்று அதே பலகைகளைப் போட்டு வைக்கப்போவதாகக் குருவானவர் அறிவித்திருக்கிறார். அன்று பிள்ளைகள் முன்னால் அமர்வார்கள். தந்தையர் பின்னால் அமர வேண்டும்.